பேச்சுப் போனவனின் பைலாப் பாட்டு

ஒருவன் ஒருகாலத்தில் ஈழப் போராட்ட இயக்கம் ஒன்றில் இருந்தவன் என்று தெரிந்துவிட்டால் போதும், அவனுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்பதை பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மற்றவர்களே முடிவுசெய்துவிடுவார்கள். முரசு அதிர வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து உரத்துப் பாட வேண்டும். நடுவில் வெடிச்சத்தமும் இருந்தால் நல்லது. அதைக் கேட்டு அவன் கண் கலங்க வேண்டும். கலங்காவிட்டால் அவன் மேல் ஒரு சந்தேகப் பார்வை. எனக்கு இது வருடக்கணக்காக எரிச்சல் தரும் விஷயம். ஆனாலும் வாய் திறந்து ஒருவரிடமும் சொன்னதில்லை. என் நண்பனுக்குப் பேச்சுப் போன பிறகுதான் சொல்லவேண்டி வந்தது.

போன குளிர்காலத்தில் அவனுக்கு மூளையில் இரத்தம் அடைத்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் மெல்ல மெல்லத் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. நாங்கள் சொல்வதெல்லாம் அவனுக்கு விளங்கும். பதில் சொல்ல வாயெடுத்தால் ‘த… த…’ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். தலையாட்டிப் பதில் சொல்வான். அதையும் சிலவேளை மாறி ஆட்டிவிட்டு, தன்மேலேயே கோபப்பட்டு இடது கையால் கட்டிலில் குத்துவான். வாயாடி என்று பேரெடுத்தவன். ரெஸ்ரோறன்ற் சமையலறையில் வேலைசெய்த காலத்தில் பிரெஞ்சுக்காரச் செஃபையே பேச்சால் மடக்கியவன்.

அவனுடைய வீடு மெற்றோ மேம்பாலத்துக்கு நேரெதிரே, ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே. வண்டி போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி அதிரும். மனைவி அதே தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் காசு வாங்கும் இடத்தில் நிற்கிறாள். அவனைவிட நன்றாக இளையவள். போர் முற்றிய காலத்தில் ஊரில் வளர்ந்தவள். பள்ளிக்கூட மைதானம், சந்தி, கோயில் என்று எங்கே திரும்பினாலும் இயக்கப் பாட்டு ஒலித்த காலம் அது. சண்டையில் செத்த அவளுடைய மூத்த அண்ணனை அந்தப் பாட்டுகளோடுதான் விதைத்தார்கள்; புதைத்தார்கள் என்று சொல்லக்கூடாது. ஆகவே அவளுக்கு அவை வெறும் பாட்டுகள் இல்லை. இதை நான் எப்போதும் மதித்தே வந்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் பாட்டுகள் வந்த காலத்தில் நானும் அவனும் பாரிஸில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். எங்கள் காலம் அதற்கு முந்தியது. நாங்கள் போன இயக்கமும் வேறு. அதன் பெயரைச் சொன்னால் இன்றைக்குப் பாதிப்பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் பேச்சை மாற்றுவார்கள்.

நாங்கள் பொப் பாட்டு யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஆட்டிய காலத்துப் பெடியன்கள். போர்த்துக்கேயர் விட்டுப்போன துள்ளல் பைலாத் தாளத்துக்கு எங்கள் தமிழைப் போட்டுப் பாடினால் கிழவர்கள் முகம் சுளிப்பார்கள், பெடியன்கள் மதிலில் ஏறி நின்று ஆடுவார்கள். காதை மூடிய தலைமயிர், தெருவைக் கூட்டுகிற பெல்பொட்டம் காற்சட்டை, நாய்க்காது மாதிரிக் கொலர் வைத்த பூப்போட்ட சேர்ட். கடற்கரைப் பக்கம் வெள்ளைக்கார ஹிப்பிகள் வந்து தங்கினார்கள் என்றால் பார்க்கச் சைக்கிளில் போவோம். அவர்கள் எங்களைப் பார்த்துச் சாமியாராக முயன்றார்கள், நாங்கள் அவர்களைப் பார்த்து ஹிப்பியாக முயன்றோம். இரண்டு பகுதிக்கும் சரிவரவில்லை. “உந்தத் தலையோடை வீட்டுக்குள்ளை வராதை” என்று என் அப்பா ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையை வெளியே கொண்டுவந்து வைத்தார். நானும் ரோசத்தோடு வெளியே இருந்தே சாப்பிட்டேன்.

நாங்கள் மூன்று பேர். அவன் கிற்றார், நான் பொங்கோஸ் மேளம். மூன்றாமவன் எங்கள் எல்லோரையும்விட உயரம், நல்ல மேல்குரல். கலியாண வீடு, வாசகசாலை விழா என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய்ப் பாடினோம். சொந்தமாக ஒரு பாட்டும் கட்டினோம். கடைசி பஸ்ஸை விடப்போகும் கொண்டக்டரும், பின்னால் ஓடிவரும் ஒருவனும் பாடுகிற பகிடிப் பாட்டு. கொண்டக்டர் பகுதி அவனுக்கு:

“ஏறுங்கோ ஏறுங்கோ கடைசி பஸ் இது,
ஏறாட்டில் பருத்தித்துறை நடைதான் பாருங்கோ!”

அதற்கு மூன்றாமவன் எங்கேயோ சனத்துக்குள் நின்று, மூச்சு வாங்குகிற மாதிரி எடுப்பான்:

“பொறுங்கோ அண்ணை, பொறுங்கோ அண்ணை, நானும் வாறனே!”

சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவன் ஆட்களை விலக்கிக்கொண்டு நிஜமாகவே ஓடிவந்து மேடையில் ஏறுவான்.

ஊர் எரிந்த பிறகு மூன்று பேரும் இயக்கத்தில் சேர்ந்து, ஒரே வள்ளத்தில் அக்கரைக்கு, இந்தியாவுக்குப் பயிற்சிக்குப் போனோம். முகாமில் முதல் வேலையாகத் தலையை ஒட்ட வெட்டினார்கள். ஒருவனை ஒருவன் பார்த்துச் சிரித்தோம், உரித்த பனங்கொட்டை மாதிரி இருந்தோம். பாட்டு வேண்டாம், அது சீரழிவு என்றார்கள். அதையும் ஏற்றுக்கொண்டோம். பெரிய காரியத்துக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்பு எங்களுக்கு உண்மையாகவே இருந்தது. இன்றைக்கும் அதை நான் கேலிசெய்யமாட்டேன்.

மூன்றாமவனுக்கு வாய் சும்மா இருக்காது. முகாமின் பின்பக்கத்தில் ஒரு பெடியனைக் கட்டிவைத்திருந்தார்கள். “அவன் என்ன பிழை செய்தவன்?” என்று பொறுப்பாளரிடம் எல்லோருக்கும் முன்னால் கேட்டான். பிறகும் கேட்டான். ஒரு பின்னேரம் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். “வேறை முகாமுக்கு மாத்தியாச்சு” என்றார்கள். கொஞ்ச நாளில் காவலுக்கு நின்ற ஒருவனின் உடம்பில் மூன்றாமவனின் பூப்போட்ட சேர்ட்டைக் கண்டோம். நான் நண்பனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். அதற்குமேல் எதையும் கேட்டு அறியவேண்டி இருக்கவில்லை. வாய்ப்புக் கிடைத்ததும் இரண்டு பேரும் தப்பி, அலைந்து, கடைசியில் பாரிஸ் வந்து சேர்ந்தோம்.

பிறகு வந்த நாற்பது வருடத்தில் மூன்றாமவனைப் பற்றி நாங்கள் ஒரு சொல் பேசவில்லை. அப்படிப் பேசிக்கொள்ளாமல் இருக்கலாம் என்று முடிவெடுக்கவுமில்லை. கலியாண மண்டபங்களில் விருந்து முடிந்து பைலா தொடங்கினால் நண்பன் சிகரெட் பெட்டியைத் தடவிக்கொண்டு வெளியே போவான். நானும் கூடப் போவேன். வாசலில் நின்று ரயில் தாமதத்தைப் பற்றியும் வீட்டு வாடகையைப் பற்றியும் கதைப்போம். உள்ளே ஆடி முடியும்வரை கதைப்போம்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பிரெஞ்சுப் பெண் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். பொறுமைசாலி. ஒருநாள் நண்பனின் மனைவி பாரிஸுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் இருக்கும் என் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தாள்.

“அண்ணை, அந்தப் பிள்ளை சொல்லுது, கதைக்க ஏலாத ஆக்களுக்கும் சிலநேரம் பாட ஏலுமாம். பாட்டு மூளையிலை வேறை பக்கத்திலை இருக்குதாம். இந்த வருசத்துக்குள்ளை தொடங்காட்டில் பிறகு சரியான கஷ்டமாம்.”

“அப்ப பாட்டுப் போட்டுப் பாத்தனீங்களே?”

“எல்லாப் பாட்டும் போட்டுட்டன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார்.”

என்ன பாட்டு என்று நான் கேட்கவில்லை, தெரியும். மாவீரர் நினைவுநாள்கள் ஒழுங்குசெய்யும் ஒருவர் வேறு வந்து, “இதைக் கேட்டால் செத்தவனும் எழும்புவான்” என்று ஒரு சீடியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதைப் போட்டதும் நண்பன் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டானாம். சொல்லும்போது அவள் அழுதாள். “நான் என்னத்தைப் பிழையாச் செய்யிறன் அண்ணை? இது அவரின்ரை பாட்டுத்தானே?”

“இல்லைத் தங்கச்சி, அது உங்கடை பாட்டு. எங்கடை வேறை” என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

அடுத்த நாள் போனேன். நண்பன் யன்னலோரக் கதிரையில் இருந்தான். பயிற்சிப் பெண்ணும் வந்திருந்தாள். பொங்கோஸுக்கு எங்கே போவது? வெறும் பிஸ்கற் ரின் ஒன்றைக் கேட்டு வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தேன். விரல் மறக்கவில்லை. அந்தத் தாளத்தைத் தொடங்கியதும் அவன் என்னைப் பார்த்த பார்வையில் சந்தோசம் இல்லை. நிற்பாட்டு என்று சொல்கிறானோ என்று பயந்தேன். நிற்பாட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனுடைய இடது கை கதிரைக் கையில் தாளம் போட்டது. பிறகு வாய் திறந்தது.

“ஏறுங்கோ ஏறுங்கோ கடைசி பஸ் இது, ஏறாட்டில் பருத்தித்துறை நடைதான் பாருங்கோ!”

ஒரு எழுத்துப் பிசகவில்லை. மாதக்கணக்கில் ‘த… த…’ என்று கிடந்த வாய் அது. அவனுடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். பயிற்சிப் பெண் கைதட்டினாள்.

ஆனால் அவன் அதோடு நின்றுவிட்டான். கை மட்டும் தாளத்தை விடாமல் பிடித்தது. திரும்பவும் அதே இரண்டு வரியைப் பாடினான், அதே இடத்தில் நின்றான். மிச்சத்தை மறந்துவிட்டான் என்று நினைத்துப் பயிற்சிப் பெண் பிரெஞ்சில் உற்சாகப்படுத்தினாள். அவன் மறக்கவில்லை. அடுத்த வரி அவனுடையது இல்லை. அவன் காத்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் தடவை நான் எடுத்தேன். என்னுடையது தவளைக் குரல், அந்த உயரத்துக்குப் போகாது. உடைந்து உடைந்து, “பொறுங்கோ அண்ணை, பொறுங்கோ அண்ணை, நானும் வாறனே” என்று முடித்தேன். அவன் உடனே அடுத்த அடிக்குப் போனான். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, பாட்டு நிற்கவில்லை. நானும் அழுதேன். வெட்கப்படவில்லை.

அதற்குப் பிறகு பயிற்சிப் பெண் ஒரு வழி காட்டினாள். தேவையான சொல்லை அந்த மெட்டிலேயே போட்டுப் பாடச் சொன்னாள். வீடு கூத்துக் கொட்டகை ஆயிற்று. “தேத்தண்ணி தேத்தண்ணி சீனி போடாமல்” என்று பைலாவில் கேட்பான். “யன்னலை யன்னலைச் சாத்திவிடுங்கோ” என்பான். அவனுடைய மனைவியும் அதே மெட்டில் ஏசக் கற்றுக்கொண்டாள். வீட்டில் திரும்பவும் சிரிப்புக் கேட்டது. மெட்டு இல்லாமல் ஒரு சொல், ‘ஓம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு சொல்லாவது வராதா என்பதுதான் அவளுடைய கவலை. வரும், வரலாம் என்று பயிற்சிப் பெண் சொல்வாள். நாள் எதுவும் சொல்லமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு முடிந்து மூவரும் இருந்தோம். கீழே தெருவில் சனம் சாமான் வாங்கும் இரைச்சல். அவன் கதிரைக் கையில் தாளம் போடத் தொடங்கினான். அவனுடைய மனைவி வழக்கம்போல, தண்ணியோ தேத்தண்ணியோ என்று சிரித்தபடி எழும்பினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துப் பாடினான்:

“ஏனடா ஏனடா அவனைச் சுட்டவை, என்ன பிழை என்ன பிழை அவனைச் சுட்டவை?”

அதே துள்ளுகிற மெட்டு. மெட்டுத்தான் அவளுக்கு முதலில் காதில் விழுந்திருக்க வேண்டும். சிரித்த முகத்தோடு நின்றவளுக்குச் சொல் விளங்கியபோது சிரிப்பை என்ன செய்வதென்று தெரியவில்லை.

“ஆரை அண்ணை? ஆரைச் சுட்டது?”

நான் சொன்னேன். மூன்று பேரையும், பாட்டையும், முகாமையும், கட்டிவைத்திருந்த பெடியனையும், சேர்ட்டையும் சொன்னேன். அவன் முன்னாலேயே, ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொன்னேன். அவள் நடுவில் ஒரேயொரு தடவை குறுக்கிட்டாள்.

“ஆமிக்காரனோ, அண்ணை?”

“இல்லைத் தங்கச்சி. எங்கடை ஆக்கள்.”

அவள் அதை நம்பவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்றல்ல; அப்படி ஒன்று தன் வீட்டுக்குள் இவ்வளவு காலம் இருந்திருக்கும் என்பதை நம்ப முடியவில்லை. அண்ணனைப் பாட்டோடு அனுப்பிவைத்த வீட்டுப் பிள்ளை. என்னை விட்டுவிட்டுப் புருசன் முன்னால் போய் முழங்காலில் இருந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“உண்மையோப்பா? எங்கடை ஆக்களோ?”

அவன் கதிரைக் கையிலிருந்து கையை எடுத்துவிட்டான். தாளம் போடவில்லை. உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது. அந்த மெட்டைத் தேடுகிறான் என்று நினைத்து நான் ரின்னை எடுக்கப் போனேன். அவன் வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

“ஓம்” என்றான்.