சீட் இல்லாத லொறி

1. அரை லோடு

லொறி எங்கள் கைக்கு வந்த அன்று அதற்கு சீட் இருக்கவில்லை. ஜப்பான்காரனோடு நடந்த யுத்தம் முடிந்து பாலாவிப் பக்கத்து வெள்ளைக்காரப் பட்டாள முகாமைக் கலைத்தபோது, அங்கே மிஞ்சிய வாகனங்களை ஏலத்தில் விற்றார்கள். ஏலத்துக்கு முன்பே யாரோ இரண்டு சீட்டையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த முதலாளிமார் பெரிய லொறிகளுக்குப் போட்டி போட்டார்கள். பின்பக்கம் திறந்த இந்தச் சின்ன லொறியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டாளத்தார் இதைப் பிக்கப் என்பார்கள். நான் அந்த முகாமின் ஸ்டோர்ஸில் கிளார்க்காக இருந்தவள். இதன் எஞ்சின் எப்போது திறந்து பூட்டப்பட்டது, எந்தக் கியர் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் ஓட்டப் பழகியதும் இதே லொறியில்தான். லைசன் கையில் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான், பிலோமினா. அப்பா கடலுக்குப் போகிறவர். கன்னியாஸ்திரிமார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்து வந்த பிலோமினா டீச்சராக வருவாள் என்று எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டி எதிர்பார்த்தது. லொறி டிரைவராக வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை. நானும் அவர்களிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை.

அப்பா லொறியைச் சுற்றிவந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "இருக்க இடமில்லாத லொறியில எங்க போகப் போறாய், மகள்?"

"அவள் நிண்டுகொண்டே ஓட்டுவாள்" என்றான் அண்ணன் சவரி. சொன்னவனே போய் ஒரு சவுக்காரப் பெட்டியைக் கொண்டுவந்து டிரைவர் பக்கத்தில் கவிழ்த்து வைத்தான். அதுதான் என் சீட். அண்ணனுக்கு ஒரு கண் சரியாகத் தெரியாது, அதனால் லைசன் எடுக்க முடியாது. அவன் எனக்குக் கிளீனர்.

எங்கள் தொழில் மற்ற லொறிகளின் தொழில் மாதிரி அல்ல. இந்தப் பக்கத்தில் லொறி என்றால் லோடு நிறைந்த பிறகே வெளிக்கிடும். கருவாட்டு மூட்டை, கொப்பரா, உப்பு எல்லாம் சேரும் வரை கடைவாசலில் நிற்கும். அவசரக்காரனும் அதனோடு சேர்ந்து நிற்க வேண்டும். நாங்கள் ஒரு ஆளின் ஒரு பொருளை, வந்து சொன்ன உடனே ஏற்றிக்கொண்டு போவோம். ஐஸ் பெட்டி, வள்ளத்துக்குப் பலகை, கலியாண வீட்டுப் பாத்திரம், ஒருமுறை பிரேதப் பெட்டி. பொருள் சிறிதென்று நாங்கள் நின்றதில்லை.

ஊரில் எங்களுக்கு 'அரை லோடு' என்று பெயர் வைத்தார்கள். தில்லையடியில் பெரிய லொறி வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர், அவரை நானா என்று கூப்பிடுவோம், நான் கடந்துபோகிற போதெல்லாம் கேட்பார்: "என்ன தங்கச்சி, காத்தையா ஏத்திக்கிட்டுப் போற?"

"ஓம் நானா. காத்துக்கு அவசரமாம்."

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அவசரம் தினமும் வருவதில்லை. பெட்ரோலோ கூப்பனுக்குத்தான். பின் டயர் இரண்டும் தேய்ந்திருந்தன. நிலையான வேலை ஒன்று கிடைக்காவிட்டால் லொறியை விற்பதைத் தவிர வழியில்லை என்று வீட்டில் பேச்சுத் தொடங்கியிருந்தது. அந்தப் பேச்சுக் கேட்கும் போதெல்லாம் நான் எழுந்து போய் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவேன்.

2. கிழிந்த மடி

சோளகக் காற்று ஓய்ந்து கரைவலைக் காலம் தொடங்கியிருந்தது. ஒரு நாள் காலையில் ஆலங்குடாவிலிருந்து ஒருவன் வியர்த்து ஒழுக சைக்கிளில் வந்து இறங்கினான். இன்னாசிச் சம்மாட்டியின் ஆள். சம்மாட்டி என்றால் வலைக்குச் சொந்தக்காரர். இவர் ஒவ்வொரு வருஷமும் காலம் பிறந்ததும் சிலாபத்திலிருந்து ஆட்களோடு வந்து ஆலங்குடாக் கரையில் ஓலைக் கொட்டில்களாக வாடி போடுகிறவர்.

கரையில் நின்று இழுக்கிற கரைவலையில் மீன் போய்ச் சேர்கிற பையை மடி என்போம். அந்த மடி கல்லில் சிக்கிக் கிழிந்துபோனது. மாற்று மடி சிலாபத்தில், சம்மாட்டியின் மருமகன் வீட்டில் இருக்கிறது. கரையோடு பாரை மீன் கூட்டம் ஒன்று நிற்கிறது.

"தில்லையடி லொறிக்காரரிட்டக் கேட்டோம் அக்கா. நாளைக்கு லோடு சேரட்டும், போய் வரக்குள்ள எடுத்தாறன் எண்டார். காத்து எழும்பினா மீன் போயிடும். பின்னேரத்துக்குள்ள மடி வேணும். கொண்டு வந்து குடுத்தா இந்தக் காலம் முழுக்க எங்கட மீன் உங்கட லொறியிலதான் எண்டு சம்மாட்டி சொன்னவர்."

காலம் முழுக்க! அண்ணன் அதற்குள் போனட்டைத் திறந்துவிட்டான். லொறியை ஓட்டுவது யாரென்று சம்மாட்டிக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் சிலாபத்தாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

3. மணலில் நிறுத்தக்கூடாது

சிலாபம் போய் மடியை ஏற்றித் திரும்பும் வரை ஒரு குறையும் இல்லை. மருமகன் வீட்டார் அப்போதுதான் அதை மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து எடுத்திருந்தார்கள். ஈரம் முழுதாகக் காயவில்லை. அதோடு கிழிசலுக்கு ஒட்டுப்போட, அதே சாயத்தில் தோய்த்த ஒரு வலைத் துண்டும் தனியாக மடித்துத் தந்தார்கள்.

கற்பிட்டி றோட்டிலிருந்து ஆலங்குடாக் கரைக்குத் திரும்பினால் மணல் பாதை. மணலில் போகிறவர்கள் முதலில் டயர்க் காற்றைக் குறைக்க வேண்டும். பிறகு ஒரே கியரில், கரை வரும் வரை நிறுத்தாமல் போக வேண்டும். நிறுத்தினால் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஆனால் பாதி வழியில் மாடு ஒன்று பாதையின் நடுவே படுத்திருந்தது. ஹோர்ன் அடித்தேன். அது என்னைப் பார்த்து அசைபோட்டது. பிரேக் போட வேண்டியதாயிற்று.

புதைந்துவிட்டோம். அண்ணன் தென்னோலை வெட்டிவந்து சக்கரத்தடியில் போட்டான். ஓலை நொறுங்கியது. மணலைத் தோண்டினோம். லொறி இன்னும் இறங்கியது. பலகை வேண்டும். சுற்றிவரத் தென்னையும் மணலும் மாடும்தான். நான் என் சவுக்காரப் பெட்டியைத் தூக்கி அண்ணனிடம் நீட்டினேன். அவன் அதைக் கல்லால் அடித்துப் பிரித்துப் பின் சக்கரங்களுக்கு முன் பலகையாகப் போட்டான். லொறி மேலேறியது, பெட்டி தூளானது.

இப்போது நான் எதில் இருப்பது? வெறுந்தரையில் இருந்தால் ஸ்டியரிங்தான் தெரிகிறது, பாதை தெரியவில்லை. பின்னால் கையை நீட்டி அந்த மடித்த வலைத் துண்டை இழுத்துக் கீழே போட்டு அதன்மேல் ஏறி இருந்தேன். உயரம் சரியாக இருந்தது.

அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றான். "அடியே, அது வலை."

"தெரியும்."

"வலைக்கு மேல பொம்பிளை இருக்கப்படாது. தாண்டவே விடமாட்டினம்."

"அப்ப வந்து நீ ஓட்டு."

அவன் ஏறிக்கொண்டான். கொஞ்சத் தூரம் போனதும், "கரைக்கு முதல் நிப்பாட்டி அதைப் பின்னால எறிஞ்சிடு" என்றான். நான் மறுபடியும் புதையத் தயாராக இல்லை. நிறுத்தாமல் நேரே வாடிக்குப் போனேன்.

4. "அண்ணன் ஓட்டினான் எண்டு சொல்லு"

கரையில் எல்லோரும் எழுந்து ஆரவாரம் செய்தார்கள். கடல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. ஒரு இடத்தில் மட்டும் கறுத்து, நடுவில் வெள்ளி மினுங்கியது. பாரை அங்கேயே நின்றது. நான் கதவைத் திறந்து குதித்தேன். ஆரவாரம் நின்றது.

வலைக்காரருக்குத் தலைவனான மண்டாடியின் பெயர் வஸ்தியான். அவர் என்னைப் பார்த்தார், வண்டிக்குள் பார்த்தார். "இந்த வலைத் துண்டு ஏன் முன்னுக்குக் கிடக்கு?"

நான் பதில் சொல்வதற்கு முன் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "மண்டாடி, கவுனைப் பாருங்க! பாரை படாட்டியும் ஒண்டு பட்டிருக்கு!"

ஈரச் சாயம். என் வெள்ளைக் கவுனின் பின்பக்கம் முழுக்க மண்ணிறத்தில் வலைக்கண் அச்சு விழுந்திருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். மண்டாடி சிரிக்கவில்லை.

"பொம்பிளை இருந்த வலை. துண்டில இருந்தாலும் மடியும் தீட்டுத்தான். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்காம இதில ஒரு நூலும் தண்ணியில படாது."

"சாமியார் கற்பிட்டியில" என்றேன். "ஏத்திக்கொண்டு வரட்டா? அவரும் அவசர லோடுதான்."

"அவரையும் வலையில இருத்தியோ?" என்றான் கவுனைப் பார்த்தவன்.

இன்னாசிச் சம்மாட்டி என் கையைப் பிடிக்காத குறையாக லொறிக்குப் பின்னால் கூட்டிப் போனார். கெட்ட மனிதர் அல்ல. அவருடைய பார்வை என்மேலும் கடல்மேலும் மாறி மாறிப் போய்வந்தது.

"இஞ்ச பார் பிள்ளை. ஒரு சொல்லுச் சொல்லு. லொறி ஓட்டினது உன்ர அண்ணன். வலையை ஏத்தக்குள்ள கவுன்ல சாயம் பட்டது. அவ்வளவுதான். அவங்களுக்கும் மீன் வேணும். நீ சொன்னா நம்புவாங்கள்."

"நம்பமாட்டாங்கள் சம்மாட்டி."

"நம்பின மாதிரி இருப்பாங்கள். அது போதும். காலம் முழுக்க வேலை, நான் தந்த வாக்கு."

பின் டயர் என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. அதில் நூல் தெரிந்தது. ஒரு சொல்லில் அது புதிதாகியிருக்கும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால், நாளைக்கும் இதே கரைக்கு நான் ஓட்டி வருவேன், அண்ணன்தான் ஓட்டினான் என்று நாளைக்கும் சொல்ல வேண்டும். காலம் முடியும் வரை என் லொறியில் நான் இருக்கமாட்டேன்.

நான் முன்னால் போய் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "ஓட்டினது நான்தான். சிலாபத்துக்குப் போனதும் நான், வந்ததும் நான். என்ர பெட்டி உடைஞ்சது, வலைமேல இருந்துதான் ஓட்டினேன். இருந்திராட்டி உங்கட மடி இப்ப மாட்டுக்குப் பக்கத்தில கிடக்கும்."

மண்டாடி அண்ணனைப் பார்த்தார். "தம்பி, நீ சொல்லு. ஆர் ஓட்டினது?"

அண்ணன் தலையைச் சொறிந்தான். அவன் என்மேல் உள்ள பாசத்திலேயே பொய் சொல்லக்கூடியவன்.

"எனக்கு ஒரு கண் தெரியாது மண்டாடி. நான் ஓட்டியிருந்தா நீங்க மடியைக் களப்புத் தண்ணிக்குள்ள தேடிக்கொண்டிருப்பீங்கள்."

அதற்கும் சிரிப்பு எழுந்தது. ஆனால் மடியில் ஒருவரும் கைவைக்கவில்லை. நானும் அண்ணனுமாக அதையும் வலைத் துண்டையும் இழுத்து இறக்கி மணலில் வைத்தோம். சம்மாட்டி அன்றைய கூலியைக் குறைக்காமல் தந்தார். வேறொன்றும் தரவில்லை.

5. அடுத்த வாடி

தார் றோட்டுக்குப் போவதற்கு முன் டயருக்கு மறுபடி காற்றடிக்க வேண்டும். தென்னோலைக் குவியலின்மேல் இருந்து ஓட்டிவந்து மணல் இறுகிய ஒரு இடத்தில் நிறுத்தினேன், அண்ணன் பம்பை மிதித்தான். காற்று மெல்ல எழும்பியது. கடலில் இருந்த கறுப்பு வடக்கே நகர்வதைத் தென்னைகளுக்கு ஊடாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது டயர் நிரம்பும்போது வடக்கிலிருந்து பெரிய கூச்சல் கேட்டது. அது அம்பாப் பாட்டுப் பாடி வலைக்கயிறு இழுக்கிறவர்களின் குரல்.

நான்காவது டயரில் இருக்கும்போது இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அடுத்த வாடி மீராசா முதலாளியுடையது. பாரை முழுவதும் அவருடைய வலைக்குள் போயிருந்தது. மீன் கரையில் குவிந்து கிடக்கிறது, வெயில் இறங்கவில்லை, அவருக்கு மீன் ஏற்றுகிற லொறியோ தில்லையடியில் லோடு சேரக் காத்துக்கொண்டு நிற்கிறது. என்னைக் காற்றுக்கு லொறி விடுகிறவள் என்று கேலி செய்தாரே, அந்த நானாவின் லொறிதான்.

அவர்களோடு அந்த வாடிக்குப் போனேன். இந்த முறை நான் எஞ்சினை நிறுத்தாமலே, இறங்காமலே முதலாளியிடம் கேட்டேன். "ஓட்டுறது நான்தான் முதலாளி. வேற டிரைவர் இல்ல. சீட்டும் இல்ல. எதுக்கு மேலயாவது இருந்துதான் ஓட்டுவேன். சம்மதமெண்டா ஏத்தச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்துவிட்டு மீன் குவியலைப் பார்த்தார். "மீன்மேல மட்டும் இரிக்காத புள்ள, நசுங்கிப்போகும். மத்த எதுலயும் இரி. எப்ப போய்ச் சேருவ?"

அவருடைய ஆட்கள் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துத் தந்தார்கள். சவுக்காரப் பெட்டியைவிட உறுதியான பெட்டி.

கரையை விட்டு வெளிக்கிடும் பாதை இன்னாசிச் சம்மாட்டியின் வாடிக்குப் பின்புறமாகத்தான் போகிறது. புதிய மடியைச் சுற்றி அவர்கள் இருந்தார்கள். சாமியாருக்கு ஆள் போயிருக்க வேண்டும். லொறி நிறையப் பாரை, வால்கள் பக்கப் பலகைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. மணலில் நிறுத்தக்கூடாது என்பது விதி, அதனால் நிறுத்தவில்லை. ஹோர்ன் மட்டும் அடித்தேன்.

மறுநாள் தீர்த்தம் தெளித்த மடியைக் கடலில் விட்டதாகவும், மீனுக்குப் பதிலாகத் தொட்டால் அரிக்கிற சொறிமுட்டைதான் நிறைய வந்ததாகவும் அண்ணன் கேள்விப்பட்டு வந்து சொன்னான். எனக்கு அதில் சந்தோஷமில்லை என்று எழுதினால் அது பொய்.

அந்தக் காலம் முழுக்க மீராசா முதலாளியின் மீனை ஏற்றினேன். பின் டயர் இரண்டும் மாற்றினோம். அடுத்த காலம் பிறந்த பிறகு ஒருநாள் இன்னாசிச் சம்மாட்டியின் ஆள் அதே சைக்கிளில் வந்தான். கயிறு அவசரமாம். "அண்ணனை ஓட்டிக்கொண்டு வரச் சொன்னவர்" என்றான். அண்ணன் அவனுக்குப் பிளேன் டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினான். பின்னேரம் சம்மாட்டி தானே வந்தார். வாசலில் நின்று, "பிள்ளை, நீ ஓட்டி வா" என்றார். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கேட்டது. போனேன்.

பள்ளிக்கூடம் முடித்து வேலைக்கு வரப்போகிற தங்கச்சிமாருக்கு, இந்தத் தொழிலில் நான் கற்றது இதுதான். அவசரம் என்று வருகிறவன் முன்னால், எஞ்சினை முறுக்குவதற்கு முன்பே, ஓட்டுவது யாரென்று சொல்லிவிடுங்கள். அது பிடிக்காதவன் அங்கேயே திரும்பட்டும். பாதி வழியில் மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள்.

இப்போது லொறிக்குச் சீட் இருக்கிறது. கொழும்பிலிருந்து எடுத்தது. அந்த வெள்ளைக் கவுனை அம்மா எத்தனை முறை அடித்துத் தோய்த்தும் சாயம் போகவில்லை, எறியச் சொன்னார். நான் எறியவில்லை. ஆலங்குடாப் பக்கம் லோடு வருகிற அன்று அதைத்தான் உடுத்துகிறேன்.