வெளியாள் மரிசா

லொரெய்ன் பிட்மன் எங்கள் மேப்பிள்டன் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பெற்றவர்களிடம் இருக்க முடியாத பிள்ளைகளை அரசு அவளிடம் ஒப்படைக்கும். தன் பிள்ளைகளாகவே வளர்ப்பாள். நான் எதிர்வீடு. இந்த ஒரு மாதமாக அந்த வீட்டைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மரிசா பன்னிரண்டு வயதில் அவளிடம் வந்தவள். வாய்த்துடுக்கு அதிகம். ஆனால் அங்கே வளரும் ஆறு வயது டோபிக்கும் அவன் தங்கைக்கும் தலைவாரிப் பள்ளிக்குக் கிளப்புவது அவள்தான். பதினெட்டாம் பிறந்தநாளன்று நீதிமன்றத்துக்கு வரச் சொன்னார்கள். லொரெய்னிடமே இருக்கிறேன் என்றால் இருபத்தொரு வயது வரை இருக்கலாம். போகிறேன் என்றால் போகலாம். முந்தின நாள்தான் கார் சாவிக்காக இருவருக்கும் பெரிய சண்டை.

"எனக்கு யாரும் வேணாம். நான் போறேன்," என்றாள் மரிசா.

லொரெய்ன் எழுந்து நீதிபதியைப் பார்த்தாள். "அம்மா, இது நேத்து சண்டையோட கோவம். ஞாயித்துக்கிழமை பான்கேக் சுட்டா தானா அடங்கிடும். ரெண்டு நாள் தள்ளி வைங்க."

"அவங்க இன்னிக்கு மேஜர், மிஸஸ் பிட்மன். முடிவு அவங்களோடது," என்றார் நீதிபதி.

"மேஜரா? மூளையில ஆத்திரத்தை நிறுத்துற பிரேக்குதான் கடைசியா வளரும், அதுக்கு இருபத்தஞ்சு வயசாவும்னு பிள்ளை வளர்க்கிறவங்களுக்கான வகுப்புல உங்க ஆளுங்கதான எனக்குப் படம் போட்டுக் காட்டினாங்க! பிரேக் சரியில்லாத பஸ்ஸை டிப்போவுல இருந்து நான் எடுத்தா என் வேலை போயிடும். நீங்க எடுத்துட்டுப் போன்னு கைதட்டுறீங்க!"

நிஜமாகவே கைதட்டினார்கள். கேக் வெட்டி, விடுதலைக்கு வாழ்த்தும் சொன்னார்கள். விடுதலையாம்! என் மகனுக்கு இருபத்துமூன்று வயது. அழுக்குத் துணியை இன்னும் மூட்டை கட்டிக்கொண்டு அம்மாவிடம்தான் வருகிறான். நாமே ஓட்டிப் போகக் காரை வாடகைக்குக் கொடுப்பவன்கூட இருபத்தைந்து வயதுக்குக் கீழே என்றால் கூடுதல் பணம் கேட்கிறான். ஆதரவில்லாத பெண்ணுக்கு மட்டும் பதினெட்டிலேயே புத்தி முற்றிவிட வேண்டுமாம்.

இரண்டு கறுப்புக் குப்பைப் பைகளில் துணிகளைத் திணித்துக்கொண்டு மரிசா தோழி வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே பைகளோடு லொரெய்ன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ் லொரெய்ன், பான்கேக் இருக்கா?"

"அடி கழுதை, உள்ள வா. ஆறிடப்போவுது."

அவளை உட்கார வைத்துவிட்டு லொரெய்ன் சமூகப் பணியாளருக்குப் போன் செய்தாள். அங்கிருந்து வந்த பதிலை அவளே என்னிடம் சொன்னாள். மரிசா கையெழுத்துப் போட்டு வெளியேறிவிட்டதால் இப்போது வெளியாள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வெளியாள் தங்க வேண்டுமென்றால் கைரேகை கொடுத்து, குற்றப் பின்னணி இல்லை என்று பதில் வர வேண்டும். அதுவரை ஒரு ராத்திரி தங்கினாலும் சின்னவர்கள் இருவரையும் எடுத்துக்கொள்வார்கள்.

"வெளியாளாம்! டோபிக்கு ஷூ கட்டக் கத்துக்கொடுத்தவ இவ. இவளால அவனுக்கு ஆபத்தாம்!" என்று கத்தினாள் லொரெய்ன். கத்தி என்ன செய்வது? ஒருத்திக்காக இருவரை எப்படி விடுவாள்? மரிசாவுக்குப் படுக்க என் வீட்டு சோபாவைக் காட்டினேன்.

மறுநாளே கைரேகை கொடுத்தாயிற்று. பதில் இன்னும் வரவில்லை. தினமும் மாலையில் மரிசா அங்கே சாப்பிடுகிறாள், சின்னவர்களைக் குளிப்பாட்டுகிறாள். அவர்கள் படுக்கப் போகும்போது தெருவைக் கடந்து என் வீட்டுக்கு வருகிறாள். அந்த வாய்த்துடுக்கு எங்கே போனதென்றே தெரியவில்லை.

நேற்று டோபி வாசல்வரை ஓடிவந்து அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ என்ன தப்புப் பண்ணினே? ஏன் இங்க தூங்கக் கூடாது?"

"ஒண்ணுமில்லடா. கோவத்துல போறேன்னு சொல்லிட்டேன்."

அவன் சட்டையை விட்டுவிட்டு லொரெய்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் இனிமே கோவப்பட மாட்டேன், மிஸ் லொரெய்ன்."