மேடையில் பேசியவர் வாசலுக்கு வந்தார்

நானும் அவளும் திண்டிவனத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். தொண்ணூற்று மூன்றில் விழுப்புரம் பாசஞ்சரில் பழக்கமானவர்கள். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தெருவில் எங்களை அக்கா தங்கச்சி என்றார்கள். அவள் கழுத்தில் சிலுவை, என் நெற்றியில் குங்குமம். அதைக்கூட யாரும் துருவிக் கேட்டதில்லை. அந்தப் பொய்க்குள் இருபது வருஷம் வசதியாகவே இருந்தோம்.

எங்களைப் போன்றவர்கள் சேர்ந்து வாழ்வது குற்றம்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது ஊரெல்லாம் அதே பேச்சு. அவளுடைய அண்ணனுக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. நேராகவே கேட்டுவிட்டார். அவளுக்குப் பொய் வராது. "ஆமா" என்றாள்.

அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சில நாளில் அவளை வரச் சொன்னார்கள். விழுப்புரம் பக்கம் அனந்தபுரத்தைத் தாண்டி அவர்கள் ஊர். போனவள் திரும்பவில்லை, போனும் எடுக்கவில்லை. அவளோடு வேலை பார்த்த டீச்சர் வந்து சொன்னார்: "கோயில்ல உங்க ஃபிரெண்டுக்கு ஓலை வாசிச்சிட்டாங்களாமே. மாப்பிள்ளைக்கு ரெண்டாந்தாரமாம்."

ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. சர்ச்சில் மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். ஒன்று முடிந்துவிட்டது.

போலீசுக்குப் போனால் "நீ அவளுக்கு யாரு?" என்பார்கள். உண்மையைச் சொன்னால் என்மேல்தான் கேஸ். என் வீட்டிலும் சொல்ல வழியில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எதற்கென்று தெரியாமல் நின்றிருக்கிறேன்.

விழுப்புரத்தில் வயதான ஒரு பேச்சாளர் இருந்தார். ஐயர் இல்லாமல் மாலை மாற்றும் சுயமரியாதைக் கல்யாணங்கள் மாவட்டம் முழுக்க அவர் தலைமையில் நடந்திருக்கின்றன. அந்தத் தீர்ப்பு பற்றிய டிவி விவாதத்தில் அவர் மட்டும்தான், "ரெண்டு பேரும் வயசு வந்தவங்க. கல்யாணம் பண்ணிக்கிறேன்னா வாழ்த்திட்டுச் சாப்பிட்டுப் போங்களேன், உங்களுக்கு என்ன பேஜாரு?" என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் வீட்டைத் தேடிப் போனேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மேடையில பேசறது வேறம்மா. ஒருத்தர் வீட்டு வாசல்ல போய்ப் பேசறது வேற. எங்க ஆளுங்களே ஒத்துக்க மாட்டாங்க."

"அப்போ எதுக்குங்கய்யா பேசினீங்க?" என்றேன். "எங்களுக்காகப் பேசினது நீங்க ஒருத்தர்தான். நான் வேற யார்கிட்ட போவேன்?"

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "காரை எடுக்கச் சொல்லுங்க. நானும் வர்றேன்."

பேச்சாளர் முகத்துக்காக அவளுடைய அண்ணன் வாசலில் நாற்காலி போட்டார். என்னைப் பார்க்கவே இல்லை.

"நாலு பேர் மதிக்கிற ஆளுங்க நீங்க. இதுக்குப் போய் வரலாமா? இதெல்லாம் சட்டத்துல செல்லுமா?"

பேச்சாளர் வாய் திறப்பதற்குள் அந்த அம்மா சொன்னார்: "நாங்க மாலை மாத்திக்கினப்போ எங்க கல்யாணமும் சட்டத்துல செல்லலப்பா. வெச்சிக்கினு இருக்கான்னுதான் ஊர்ல என்னைச் சொன்னாங்க. சட்டம் அப்புறமா வந்துச்சு. நாங்க அதுக்காகக் காத்துக்கினா இருந்தோம்?"

"நீங்க ஆம்பளையத்தானேம்மா கட்டிக்கினீங்க" என்றார் அண்ணன். எழுந்து உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஜன்னல்கூடத் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் பேச்சாளர், "தோத்துட்டோம்மா" என்றார். அந்த அம்மா என் கையைப் பிடித்தபடியே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். கையில் பை இல்லை, காலில் செருப்பு இல்லை. பூசையில் இரண்டாவது ஓலையை வாசித்த ஃபாதர், இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றாராம். அவளே எழுந்து நின்றிருக்கிறாள். "எனக்குச் சம்மதம் இல்லீங்க ஃபாதர். தடை நான்தான்."

அவள் வெளியே நடந்ததை யாரும் தடுக்கவில்லை. அவளுடைய அம்மா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாராம்.

பேச்சாளர் எங்கள் பெயரைச் சொல்லாமல் இதை விழுப்புரத்தில் ஒரு கூட்டத்தில் பேசினார். மேடையில் செருப்பு விழுந்தது. அதன்பின் அவரைக் கூப்பிடுவது குறைந்தது. எங்களிடம், "தேதி சொல்லுங்கம்மா, மாலையோட வர்றேன்" என்றார். அவள்தான், "அம்மா ஒரு வார்த்தை பேசட்டுங்கய்யா, அப்புறம் வெச்சிக்கலாம்" என்று தள்ளிப்போட்டாள்.

அவளுடைய அம்மா பேசவேயில்லை. அடக்கம் முடிந்த பிறகுதான் எங்களுக்குச் சேதி வந்தது. அடுத்த வருஷம் பேச்சாளரும் போய்விட்டார்.

இனி குற்றமில்லை என்று அதே நீதிமன்றம் சொன்ன மறுநாள், அவள் பேப்பரை முழுக்கப் படித்தாள். கல்யாணத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நான் எதுக்கு எழுந்து நின்னேன்னு அம்மாவுக்குப் புரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள்.