அஜிதா அக்கா வீட்டில் ஆண்டின் நீண்ட இரவு

என் பெரியம்மாவின் மகள் அஜிதா, கனடாவில் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். கார்டெறியில், அதாவது பகல்நேரக் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை. மன்னாரிலிருந்து சிறுவயதில் வந்தவர். படிப்பு முடிந்த பிறகு தேவாலயத்துக்கு, பூசைக்குப் போவதை நிறுத்தினார். யாரோடும் சண்டை பிடித்து நிறுத்தவில்லை. சூரியனையும் பருவங்களையும் வணங்கும் பழைய ஐரோப்பிய வழி, பேகன் வழி, தன் மனதுக்குச் சரியாகப் படுகிறது என்று தாயிடம் நேராகவே சொன்னார்.

பெரியம்மா அக்னெஸ் லவால் நகரில் இருக்கிறார். அங்கே தேவாலயப் பங்கில் அவரைத் தெரியாதவர் இல்லை. மகள் எங்கே என்று யாராவது கேட்டால், "அவளுக்கு இரவு வேலை" என்பார். இரவில் எந்தக் கார்டெறி திறந்திருக்கிறது என்று ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை.

"அம்மா இதையெல்லாம் நம்ப வேண்டாம். என்னை ஒளிக்காம இருந்தாக் காணும்," என்று அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார்.

ஒவ்வொரு டிசம்பரிலும், ஆண்டின் மிக நீண்ட இரவுக்கு அக்கா தாயை அழைப்பார். "பஸ் மாறி மாறி ஆர் வாறது?" என்று பெரியம்மா தட்டிக்கழிப்பார். 2007இல் மெட்ரோ ரயில் லவாலுக்கு வந்துவிட்டது. அந்தச் சாட்டும் போய்விட்டது. அந்த டிசம்பரில் நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன்.

மேசையில் ஊசியிலைக் கொப்புகளுக்கு நடுவே வெள்ளைப் பட்டையோடு ஒரு மரக்கட்டை கிடந்தது. ஜான்-டலோன் சந்தையில் நத்தார் மரம் விற்பவர்களிடம் வாங்கியது. அக்கா தானே அதில் மூன்று துளைகள் போட்டு மெழுகுதிரிகளை நட்டிருந்தார். கறுவாவும் கராம்பும் போட்ட ஆப்பிள் சாறு அடுப்பில் கொதித்தது.

"பாலன் குடில் எங்க?" என்றார் பெரியம்மா.

"இல்லை அம்மா."

"கட்டையைக் கும்பிடவோ உன்னைக் கனடாவுக்குக் கொண்டந்தனான்?"

"கட்டையை இல்லை அம்மா. நாளையில இருந்து பகல் நீளும். சூரியன் திரும்பி வருது. அதுக்கு விளக்கு வைக்கிறம்."

அக்காவோடு வேலை செய்யும் மார்ட்டீனும் வந்தார். பொழுது பட்டதும் அக்கா வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்தார். கொஞ்ச நேரம் இருட்டில் பேசாமல் இருக்க வேண்டும், பிறகுதான் மெழுகுதிரிகள்.

"கரண்ட் இல்லாம இருக்கிறதெண்டா மன்னாரிலயே இருந்திருக்கலாம்," என்றார் பெரியம்மா.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விளக்கைப் போடவில்லை. தாய்க்காக எதையும் குறைக்காமல், எதையும் கூட்டிக் காட்டாமல், வழக்கம்போலவே செய்தார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

முதல் இரண்டு திரிகளும் எரிந்தன. மூன்றாவதற்கு அக்கா தீக்குச்சியைத் தட்டும்போது பெரியம்மாவின் கைத்தொலைபேசி அலறியது. பங்குச் சபை அருமைராசா. அவர் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"அக்னெஸ் அக்கா, எங்க நிக்கிறியள்? நத்தார் பாட்டுப் பழக எல்லாரும் வந்திட்டினம்."

"மகள் வீட்டில."

"அவவுக்கு இரவு வேலை எல்லோ?"

அக்காவின் கையில் தீக்குச்சி எரிந்துகொண்டிருந்தது. பெரியம்மா மகளின் முகத்தைப் பார்த்தார்.

"இல்லை. அது நான் சொன்ன பொய். அவள் இப்ப பூசைக்கு வாறேல்லை. சூரியனுக்கு விளக்கு வைக்கிறாள்."

"ஐயோ, பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையோ?"

"அவளுக்கு என்ன குறை? தன்ர கையால கட்டையைத் துளைச்சு வைச்சிருக்கிறாள். உங்கட மகனுக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியுமோ? போனை வையுங்கோ, இஞ்ச கதைக்கக் கூடாது."

தீக்குச்சி அக்காவின் விரலைச் சுட்டுவிட்டு அணைந்தது. என்ன நடந்தது என்று மார்ட்டீன் பிரெஞ்சில் கேட்டார்.

"அம்மா என்னைப் பற்றிக் கதைச்சவ," என்று அக்கா பிரெஞ்சில் சொன்னார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்றார் பெரியம்மா. "மற்றதையும் கொளுத்தன்."