காலடியில் ஒரு கதிரை

எங்கள் அச்சுவேலியில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். இங்கே யாராவது வருத்தம் கடுமையாகிப் படுக்கையில் விழுந்தால், "ரொறன்ரோவிலையிருந்து பலாலி எயாப்போட்டுக்கு எத்தனை மணித்தியாலம்?" என்று என்னிடம்தான் கேட்பார்கள். தூரம் என்பது வெறும் கணக்கு என்றே அப்போது நம்பியிருந்தேன்.

பெரியப்பா படுக்கையில் கிடந்தபோது அவருடைய மகன் குகன் ரொறன்ரோவிலிருந்து புறப்பட்டான். அவன் கையால் பால் பருக்கினால்தான் சீவன் போகும் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

மத்தியானம், நாட்கணக்கில் பேசாதிருந்த பெரியப்பா கண்ணைத் திறந்தார்.

"குகன் வந்து நிக்கிறான். இருக்கக் கதிரை குடு."

கைபேசியில் பார்த்தேன். விமானம் நடுக்கடலுக்கு மேலே இருந்தது. சென்னையில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும்.

"அவன் இன்னும் வரேல்லை பெரியப்பா" என்றேன்.

அவர் தன் காலடியையே காட்டினார். மனம் கேட்காமல் பக்கத்து வீட்டில் ஒரு கதிரை வாங்கிவந்து போட்டேன். அந்த வெறுங்கதிரையைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்போடேயே மூச்சு அடங்கியது. கதிரையை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் வந்த குகன் அழுது ஓய்ந்ததும் கேட்டான்.

"அண்ணை, அப்பாவின்ரை காலடியிலை ஒரு கதிரை கிடந்ததோ? பிளேனிலை கண்ணயர்ந்தனான். அதிலை நான் இருக்கிற மாதிரிக் கனவு. கதிரையின்ரை ஒரு கால் கட்டை, ஆடிக்கொண்டே இருந்தது."

நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்தக் கதிரையில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஆடியது.

இப்போதும் கேட்பவர்களுக்கு மணித்தியாலம் பார்த்துச் சொல்கிறேன். படுத்திருப்பவரின் காலடியில் ஒரு கதிரை போட்டு வைக்கவும் சொல்கிறேன்.