ராட்டினத்தில் போட்ட முடிச்சு

வைகாசித் திருவிழா வந்தால் சின்ன காஞ்சிபுரத்து மைதானத்தில் ராட்டினம் நட்டுவிடுவார்கள். நேற்று லாரியில் கிடந்த இரும்பு இன்று தென்னைமரத்துக்கு மேலே நிற்கும். அதில் ஏறிக் கத்துவதற்கு வரிசை வேறு.

எனக்கு உயரம் ஆகாது. மொட்டை மாடியில் துணி உலர்த்தினாலும் சுவரோரம் போகமாட்டேன். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. என் நாத்தனாருக்கு நாற்பது வருஷமாக வாயில் போட்டு மெல்ல இது ஒன்று போதும்.

போன வருஷம் புகுந்த வீட்டிலிருந்து வந்த என் மகள் ராட்டினம் ஏற ஆசைப்பட்டாள். நாத்தனார் கூடவே கிளம்பினாள். அங்கே ஒரு பலகை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். இதய நோய்க்காரர் ஏறக்கூடாது, எழுந்து நிற்கக்கூடாது. தப்பெல்லாம் ஏறுகிறவன் தலையில். ராட்டினத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இருவரும் தொட்டிலில் உட்கார்ந்தார்கள்.

"இன்னா அண்ணி, எங்க செருப்புக்குக் காவல் நிக்கிறியா?" என்றாள் நாத்தனார்.

ஓட்டுகிறவன் மடிக்குக் குறுக்கே கம்பியைச் சாத்தினான். ஆணி மாட்ட வேண்டிய துளையில் நைலான் கயிற்றைக் கட்டினான். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவோடு புதுப் பாவின் பட்டு இழைகளைச் சாம்பல் தொட்டு ஒவ்வொன்றாகப் பிணைத்த கை இது. பருத்தி நூலுக்குப் போடும் முடிச்சு வழுக்குகிற இழையில் நிற்காது; நைலானும் வழுக்குகிற சாதிதான். இழுத்துப் பார்க்காமல் எழுந்தால் என் மாமியார் சோறு போடமாட்டாள்.

"இந்த முடிச்சு நிக்காதுப்பா."

"காலையிலருந்து சுத்திக்கினுதான் இருக்குது. பயமா இருந்தா தள்ளி நில்லு ஆயா."

"அவுங்க மாடிப்படியிலயே நடுங்குறவங்கபா. நீ சுத்து!" என்றாள் நாத்தனார்.

என் மகளும் சிரித்தாள். "வுடும்மா, எல்லாரும் பாக்குறாங்க."

பார்க்கட்டுமே. அவன் விசைப்பக்கம் திரும்பியதும் கம்பியைப் பிடித்து, இழையை இழுப்பதுபோல ஒரே இழுப்பு இழுத்தேன். கயிறு நெளிந்து கழன்றது. கம்பி திறந்துகொண்டது. அதே நேரம் தொட்டிலும் அசைந்தது.

"நிறுத்துடா!" என்று நான் போட்ட சத்தத்தில் மேளக்காரனே திரும்பிப் பார்த்தான்.

தொட்டில் நின்றது. தரைக்கும் நாத்தனார் காலுக்கும் ஒரு முழம்கூட இல்லை. அதற்கே எமனைக் கண்டவள்போல அலறினாள். என் மகள் குதித்து இறங்கி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆணி எங்கடா?" என்றேன்.

அவன் வேலிப்பக்கம் போனான். ஆணி அங்கேதான் இருந்தது. அந்த மகராசன் அதை வேலியில் செருகித் தன் சாப்பாட்டுப் பையைத் தொங்கவிட்டிருந்தான். மேலே போகிறவர்களின் உயிரைவிடப் பையில் மண் படாமலிருப்பது அவனுக்குப் பெரிதாகிவிட்டது.

பையை இறக்கிவிட்டு ஆணியை மாட்டினான். "இப்ப ஏறலாம்மா" என்று நாத்தனாரைக் கூப்பிட்டான்.

அவள் தொட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"அண்ணி, நீ ஒருவாட்டி இழுத்துப் பாரேன்."

"நான் பயந்தாங்கொள்ளியாச்சேம்மா" என்றேன். அவளுடைய செருப்பை அவள் முன்னால் போட்டுவிட்டு, மகளோடு வீட்டுக்கு நடந்தேன்.