வாட்ச்மேன் பக்கத்தில் ஒரு ஸ்டூல்

கஜேந்திரன் இறந்த செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, வியாசர்பாடி வீட்டில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் அடுத்தடுத்து சிணுங்கியது. எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் மெழுகுவத்தி, மேலே ஊதா நிறப் பூக்கள், நடுவில் கஜாவின் முகம். முகம் பக்கவாட்டில் இழுபட்டிருந்தது. கட்டத்துக்குள் அடங்கட்டும் என்று யாரோ படத்தைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். 'போட்டோவை இப்படியா இழுப்பது' என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவன் செத்துப்போனான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. கஜாவிடம் சொல்ல முடிந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

இந்த மாதிரி அஞ்சலிக் கட்டுரைகளில் 'அவர்' என்று எழுதுவதுதான் வழக்கம். என்னால் ஆகாது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வயது. டோல்கேட் பக்கத்தில், செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல் மாடியில், பதினோரு வருஷம் ஒரே மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து வெப்சைட் வடிவமைத்தோம். அவன் என்னை ஒருநாளும் சுகந்தி என்று முழுசாகக் கூப்பிட்டதில்லை. 'இன்னாம்மே' என்றால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். 'மேடம்' என்றால் கோபம். அவனைத் தெரிந்த உங்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. ஆனால் அவன் ஏன் எந்த வேலையை எடுத்தாலும் முதல் நாள் அந்த இடத்து வாட்ச்மேன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான் என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அவனிடம் கேட்டபோதெல்லாம் வேறு பேச்சுக்கு மாற்றிவிடுவான். என் மானத்தைக் காப்பாற்றத்தான் மாற்றினான். இனி மறைக்க ஒன்றுமில்லை.

நாங்கள் தொழில் ஆரம்பித்த புதிதில் காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனிக்கு வெப்சைட் செய்தோம். நீலமும் வெள்ளையுமாகப் பளிச்சென்று வந்திருந்தது. அடுத்த மாதமே ராயபுரத்தில் ஒரு பல் டாக்டர் கேட்டார். பல்லும் வெள்ளைதானே என்று நான் அந்த ஐஸ் பக்கத்தையே பிரதி எடுத்தேன். படத்தை மாற்றினேன், பெயரை மாற்றினேன், போன் நம்பரை மாற்றினேன். ஒரு வரியை மட்டும் மாற்ற மறந்துவிட்டேன். டாக்டர் சிரித்தபடி நிற்கும் படத்துக்குக் கீழே, 'முழுசாகவும் தரப்படும், உடைத்தும் தரப்படும்' என்று இருந்தது. இரண்டு நாள் அப்படியே இருந்தது.

மன்னிப்புக் கேட்கக் கஜாதான் போனான். நான் மாடியைவிட்டு இறங்கவேயில்லை. டாக்டர் அவனை உள்ளே விடாமல் மூன்று மணி நேரம் வெளியே காக்க வைத்தார். வாட்ச்மேன் பாவப்பட்டுத் தன் ஸ்டூலைக் கொடுத்தார். பட்ட அவமானம் எதுவுமே திரும்பி வந்தவன் முகத்தில் தெரியவில்லை. படியேறும்போதே கத்தினான்.

"இன்னாம்மே, வர்றவன் ஒருத்தன்கூட டாக்டரு இன்னா படிச்சிருக்காருன்னு கேக்கல. எல்லாரும் வாட்ச்மேன்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேக்கறான். 'அண்ணே, வலிக்குமா?' அவரும் அசராம பதில் சொல்லிக்கினு கீறாரு. 'ஊசி போடறப்போ கொஞ்சம் சுருக்குனு இருக்கும், அப்பால ஒன்னும் தெரியாது'ன்னு. அதாம்மே மொதப் பக்கம்!"

அதையேதான் வைத்தோம். மேலே பெரிய எழுத்தில் 'வலிக்குமா?' என்ற கேள்வி. கீழே வாட்ச்மேன் சொன்ன பதில், டாக்டர் திருத்திக் கொடுத்தபடி. டாக்டரின் படிப்புப் பட்டங்களெல்லாம் பக்கத்தின் அடிக்குப் போயின. முதலில் முறைத்த டாக்டர் பிறகு தன் தம்பியின் மருந்துக்கடை வேலையையும் எங்களிடமே கொடுத்தார்.

அதற்குப் பிறகு அதுவே கஜாவின் முறை ஆகிவிட்டது. லேப்டாப் கிடையாது. போன் சட்டைப் பைக்குள். ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா. வாட்ச்மேனுக்கு ஒரு டீ, ஒரு பட்டர் பிஸ்கட். காலையிலிருந்து மத்தியானம் வரை உள்ளே வருகிறவர்கள் கேட்பதை வரிசையாக எழுதுவான். முதலில் வருகிற கேள்வி முதல் வரி. அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும் அடிக்கக் கூடாது. "ஓனருகிட்ட கேட்டா பெருமைதான் வரும். வாட்ச்மேன்கிட்ட கேட்டாதான் ஜனம் இன்னாத்துக்கு வருதுன்னு தெரியும்" என்பான். அவன் பக்கங்கள் ஏன் ஒன்றுபோல ஒன்று இருந்ததில்லை என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள், காரணம் இவ்வளவுதான். ஒரு வாசலில் கேட்கிற கேள்வியை அடுத்த வாசலில் யாரும் கேட்பதில்லை.

ஸ்கேன் சென்டர் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில் ஒரு ஸ்கேன் சென்டர். முதலாளிக்குத் தன் புது மெஷினின் படம் திரை முழுக்க வரவேண்டும் என்று ஆசை. துரை என்கிற வாட்ச்மேன் பக்கத்தில் கஜா அரை நாள் உட்கார்ந்துவிட்டு வந்து, 'வெறும் வயிற்றில் வரவேண்டுமா?' என்று தலைப்பு வைத்தான். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் சாப்பிடலாமா, தண்ணீர் குடிக்கலாமா, துணைக்கு ஆள் வேண்டுமா என்று கீழே பதில். நிறத்தைக்கூட வருகிறவர்களைப் பார்த்துத்தான் முடிவு செய்தான். பயத்தோடு வருகிறவனுக்குச் சிவப்பு எதற்கு என்று ஒரு சொட்டுச் சிவப்பு வைக்கவில்லை. பக்கம் நன்றாக ஓடியது. இரண்டு மாதம் கழித்து அந்த வழியாகப் போனபோது துரை அண்ணன் எங்களைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சார் நீ, எனக்குப் பேச்சுத் துணையே இல்லாம பண்ட்ட. எல்லாரும் போனைப் பாத்துகினு நேரா உள்ள பூடறான். பேஜாரா கீது சார்." கஜாவுக்கு அது மனசைக் குடைந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கால் மணி நேரம் அவரோடு உட்கார்ந்து எதையாவது பேசிவிட்டுத்தான் வருவான்.

இப்போது என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும். ஒரு வருஷமாக என் கையில் எதுவும் புதிதாக வரவில்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் போன வாரம் செய்ததே மறுபடி வந்து நின்றது. வாசலில் போய் உட்காருவதை நான் நிறுத்தி நாளாகிவிட்டது. வெயில், தூசி, நேரம் இல்லை, ஏதாவது ஒரு சாக்கு. அதற்குப் பதில் ஊரில் உலகத்தில் உள்ள அழகான வெப்சைட்டையெல்லாம் பார்த்துப் பார்த்துப் படம் பிடித்து 'ஐடியா' என்று ஒரு ஃபோல்டரில் போட்டேன். நூற்றுக்கணக்கில் சேர்ந்தது. சேரச் சேர, கை இன்னும் மோசமாகக் கட்டிப்போனது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் பேசி வைத்திருந்தேன். அங்கே யாரோ வரைந்து கொடுப்பதை நிரப்பினால் போதும். கஜாவிடம் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அவன் இறப்பதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டு வேலை வந்திருப்பதாகச் சொன்னான்.

"திங்கக்கெழம காலைல போறோம். நீயும் வா. லாரிக்காரங்க நாள் பூரா கேட்டு வாசலாண்ட நிக்கறாங்க. கேள்வி அள்ளிக்கினு வரலாம்."

"நீ போ. நான் இங்கயே ஒரு டிசைன் போட்டு வெக்கறேன்" என்றேன்.

"எத்த வெச்சுப் போடுவ? அந்த ஃபோல்டர வெச்சா? ஐடியா இன்னா கொய்யாப்பயமா, மரத்துல தொங்கறதுக்கு? எவனாவது அவசரமா கேட்டுகினு வருவான் பாரு, அவன் வாயிலதாம்மே கீது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவன் சொன்னது உண்மை என்பதால்தான் ஏறியது. "உனக்கு வாட்ச்மேன் வேலைதான் புடிச்சிருக்குன்னா அதையே பாரேன். இன்னாத்துக்கு இந்தத் தொழிலு?" என்று கேட்டுவிட்டேன். "யூனிபார்ம் தெச்சுக் குடுங்க மேடம், போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கஜா படியிறங்கினான். அவன் என்னிடம் பேசிய கடைசிச் சொல் அந்த 'மேடம்'. அவனுக்கு வலித்திருக்கும். மறுநாள் விடியற்காலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்துவிட்டது.

அன்று அவன் வீட்டுக்குப் போனதும் அவன் மனைவி மல்லிகாவின் தம்பி ஓடிவந்து, "அக்கா, பேனரு நீங்களே டிசைன் பண்ணிக் குடுங்க" என்றான். லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு கோடுகூட வரவில்லை. மூடிவிட்டேன். தெருப் பையன்கள் பாவம், ஒரு மணி நேரத்தில் பிளெக்ஸ் கடையில் அடித்துக்கொண்டு வந்து தெருமுனையில் கட்டினார்கள். அதே மெழுகுவத்தி, அதே ஊதாப் பூ, அதே இழுபட்ட முகம். அடியில் வருந்துகிறவர்களின் போட்டோ மூன்று வரிசை.

எனக்கு உள்ளே போய் அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. பேனருக்குக் கீழேயே நின்றேன். வருகிற ஒவ்வொருவரும் பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள். "எப்பமா எடுக்கறாங்க?" "எந்த வூடு?" "மூலக்கொத்தளம் சுடுகாடா, வேற எங்கயாச்சுமா?" "வண்டி எங்க வுடறது?" "குடிக்கத் தண்ணி கெடைக்குமா?" ஒருவர் கையில் மாலையோடு நின்று, "ரோஜா மாலை போடலாமா, அவங்க வூட்ல ஒன்னும் சொல்ல மாட்டாங்களே?" என்று கேட்டார். அத்தனை பெரிய பேனரில் இதில் ஒன்றுக்கும் பதில் இல்லை. இருபது முப்பது பேருக்கு வாயால் சொன்ன பிறகுதான் நான் நிற்கும் இடம் வாட்ச்மேனுடைய இடம் என்று எனக்குப் புரிந்தது. அழுகை அப்போதுதான் வந்தது.

பையிலிருந்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன். கேட்டது கேட்டபடி, முதலில் கேட்டது முதலில் வருமாறு எழுதினேன். மாலை நான்கு மணிக்கு எடுக்கிறோம். மூன்றாவது சந்து, பச்சைக் கதவு, மாடி. படி குறுகல், ஒருவர் இறங்கியதும் ஒருவர் ஏறவும். அடக்கம் மூலக்கொத்தளத்தில். வண்டியைப் பள்ளிக்கூடச் சுவர் ஓரம் விடலாம். தண்ணீர் எதிர்வீட்டில். எந்த மாலையும் போடலாம், அவனுக்கு எல்லாப் பூவும் பிடிக்கும். அந்தத் தாளைப் பேனருக்கு அடியில் ஒட்டினேன். யாரோ அதைப் படம் எடுத்து அனுப்ப, உங்களில் பலர் அதைப் பார்த்துத்தான் வழி கேட்காமல் வந்து சேர்ந்தீர்கள். ஒரு வருஷத்தில் நான் செய்த ஒரே நல்ல வேலை அது.

துரை அண்ணன் யூனிபார்மோடு வந்திருந்தார். தாளை நின்று நிதானமாகப் படித்தார். "இதுலயும் எங்கிட்ட யாரும் ஒன்னும் கேக்கத் தேவயில்லாம பண்ட்டீங்க" என்றார். பிறகு என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். அவர் பின்னாலேயே நானும் போய் கஜாவைப் பார்த்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் எண்ணூருக்குப் போனேன். அந்த கன்டெய்னர் யார்டின் வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. நிலக்கரித் தூசியில் எல்லாமே கறுப்பாக இருந்தது. வாட்ச்மேன் அறுபது வயதுக்காரர். நான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் அவரே கேட்டார்.

"அந்த சாரு வர்லியா?"

அவர் சுவரோரம் கையைக் காட்டினார். அங்கே இரண்டு ஸ்டூல்கள், ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"அப்போ ஒரு சனிக்கெழம சாயங்காலம் வந்து சொல்லிட்டுப் போனாருமா. ரெண்டு பேரு வர்றோம், ரெண்டு ஸ்டூலு எடுத்து வெய்யின்னு. கூட ஒரு அம்மா வருவாங்க, கொஞ்சம் கோவக்காரங்க, ஆனா கரீட்டா வந்துருவாங்கன்னாரு. அந்தத் திங்கக்கெழம பூரா பாத்துகினு இருந்தேன். யாரும் வர்ல."

சனிக்கிழமை சாயங்காலம். நான் அப்படிப் பேசி அனுப்பிய பிறகு.

"அவரு தவறிட்டாருண்ணா" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு ஸ்டூலை எடுத்து, தூசியைத் துண்டால் தட்டி, எனக்குப் போட்டார். உட்கார்ந்தேன். நோட்டைத் திறந்து தேதி எழுதினேன். முதலில் வருகிற கேள்விதான் முதல் வரி, அதை அடிக்கக் கூடாது. 'அந்த சாரு வர்லியா?' என்று எழுதினேன்.

பெரிய கம்பெனி இன்டர்வியூவுக்கு நான் போகவில்லை. 'ஐடியா' ஃபோல்டரை அழித்துவிட்டேன். கஜாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, எந்தப் பக்கத்திலும் போட முடியாத அந்த முதல் வரி. அதற்கு அடுத்த வரியை நெல்லூர் லாரிக்காரர் ஒருவர் கொடுத்தார். வேர்த்து விறுவிறுத்து வந்து, "அம்மா, பாத்ரூம் எக்கட?" என்று தெலுங்கில் வழி கேட்டார்.